கணக்கு அலுவலர் பதவிக்கு ஒரு பயோடேட்டா

மத்திய அரசின் நிதி, கணக்குப் பணிகளில் நேரடியாகச் சேர்பவர்களுக்குப் பயோடேட்டாவால் பெரிய பயன் இல்லை. இந்திய தணிக்கை மற்றும் கணக்குப் பணி, சிவில் கணக்குப் பணி, பாதுகாப்புக் கணக்குப் பணி ஆகியவற்றுக்கு யுபிஎஸ்சியின் குடிமைப் பணித் தேர்வு இருக்கிறது. அக்கவுண்டன்ட், ஆடிட்டர் பதவிகளுக்கு எஸ்எஸ்சியின் சிஜிஎல் தேர்வு. அங்கெல்லாம் மதிப்பெண் பேசும். பயோடேட்டா பேச வேண்டிய இடங்கள் வேறு: அரசுப் பணியில் இருக்கும் ஒருவர் இன்னொரு அமைப்புக்கு டெபுடேஷனில் போக விண்ணப்பிப்பது, அரசுத் திட்டங்களில் ஒப்பந்த அடிப்படையில் நிதிப் பணிக்குச் சேர்வது, ஓய்வு பெற்றபின் ஆலோசகராக வருவது. இவற்றில் டெபுடேஷன் பயோடேட்டாதான் விதிகள் மிகுந்தது. தகுதி இருந்தும் எழுதத் தெரியாததால் கோட்டைவிடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆணையங்கள், தீர்ப்பாயங்கள், வாரியங்கள் போன்ற சிறிய அமைப்புகளுக்கு நிதிப் பிரிவில் இரண்டு மூன்று பதவிகளே இருக்கும். அதற்கென்று நிரந்தரமாக ஆள் எடுத்தால் அவர்கள் ஓய்வு பெறும்வரை பதவி உயர்வுக்கு வழியின்றி அதே நாற்காலியில் இருக்க நேரும். அதனால் கணக்கு அலுவலர், நிதி அலுவலர், உள்தணிக்கை அலுவலர் போன்றோரைப் பிற துறைகளிலிருந்து வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்கு டெபுடேஷனில் கடனாக வாங்கிக்கொள்கிறார்கள். காலியிடச் சுற்றறிக்கை துறைகளுக்குப் போகும். ‘எம்ப்ளாய்மென்ட் நியூஸ்’ வார இதழிலும் வரும். கடைசி நாளில் விண்ணப்பதாரரின் வயது 56-ஐத் தாண்டியிருக்கக் கூடாது என்பது பொதுவான நிபந்தனை. எழுத்துத் தேர்வு கிடையாது. சில இடங்களில் நேர்முகம் உண்டு. பல இடங்களில் காகிதங்களைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார்கள்.

அந்தக் காகிதங்களை முதலில் பார்ப்பவர் உயர் அதிகாரி அல்ல, நிர்வாகப் பிரிவில் கோப்பைக் கையாளும் உதவியாளர். வந்த விண்ணப்பங்களை அவர் ஓர் அட்டவணையாக்குகிறார். பெயர், பிறந்த தேதி, இப்போதைய பதவி, ஊதிய நிலை, அந்த நிலையில் எத்தனை ஆண்டு, அத்தியாவசியத் தகுதி உண்டா இல்லையா என்று கட்டங்கள் போகும். தேர்வுக் குழுவின் முன் வைக்கப்படுவது பெரும்பாலும் இந்த அட்டவணையும் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளும்தான். விண்ணப்பதாரர் எழுதாததை ஊகித்து நிரப்பும் அதிகாரம் உதவியாளருக்கு இல்லை. பத்துப் பக்க இணைப்பில் தேடிக் கண்டுபிடிக்க நேரமும் இல்லை. எனவே நல்ல பயோடேட்டாவின் முதல் இலக்கணம், சுற்றறிக்கை கேட்பதற்கு அது கேட்ட இடத்திலேயே பதில் சொல்வது.

இதற்கெனப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை ஒரு படிவம் வகுத்திருக்கிறது. சுற்றறிக்கையின் இணைப்பாக வருவது சிறு மாற்றங்களுடன் பெரும்பாலும் அதுவே. தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் வருகிற ‘வாழ்க்கை இலக்கு’, பொழுதுபோக்கு, தன்னைப் பற்றிய நான்கு வரிப் பாராட்டு ஆகியவற்றுக்கு இதில் இடமே இல்லை. அழகான வடிவமைப்பில் சொந்தமாக ஒரு ரெஸ்யூமே தயாரித்து அனுப்புபவர்களும் உண்டு. படிவம் இல்லையென்று அது ஒதுக்கப்படலாம்.

படிவத்தின் ஐந்தாவது கட்டம் தகுதிகளை ஒப்பிடுவது. இடப்பக்கம் சுற்றறிக்கை கேட்கும் தகுதி, வலப்பக்கம் விண்ணப்பதாரரிடம் இருப்பது. கணக்கு அலுவலர் பதவிகளுக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது, ஒருங்கமைந்த கணக்குத் துறைகளில் ஏதேனும் ஒன்று நடத்தும் எஸ்ஏஎஸ் (சார்நிலைக் கணக்குப் பணி) தேர்வில் தேர்ச்சி; அல்லது டெல்லியிலுள்ள ஐஎஸ்டிஎம் என்ற அரசுப் பயிற்சி நிறுவனத்தின் ‘கேஷ் அண்ட் அக்கவுண்ட்ஸ்’ பயிற்சியோடு பணம், கணக்கு, பட்ஜெட் வேலைகளில் குறிப்பிட்ட ஆண்டுகள் அனுபவம். வலப்பக்கத்தில் ‘ஆம்’ என்று மட்டும் எழுதுவது வீண். எந்தத் துறை நடத்திய தேர்வு, எந்த ஆண்டு, அதைப் பணிப்பதிவேட்டில் பதிந்த உத்தரவின் எண் என்ன என்பது வர வேண்டும். சுற்றறிக்கை இரண்டு வழிகளைத் தந்திருந்தால் எந்த வழியில் விண்ணப்பிக்கிறார் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. ‘விரும்பத்தக்கது’ என்ற தலைப்பில் கேட்டவற்றையும் விடாமல் நிரப்ப வேண்டும். தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கும்போது அங்கேதான் வேறுபாடு தெரியும்.

ஏழாவது கட்டம் பணி வரலாறு. இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது தேதி. சுற்றறிக்கை கேட்பது ‘ஒழுங்குமுறை அடிப்படையில்’ வகித்த பதவியின் காலம். ஒருவருக்கு 2017-இல் தற்காலிகமாகப் பதவி உயர்வு கிடைத்து 2019-இல் அது ஒழுங்குபடுத்தப்பட்டதாக வைத்துக்கொள்ளலாம். 2024-இல் ஆறு ஆண்டு கேட்கும் பதவிக்கு அவர் விண்ணப்பிக்கிறார். 2017 என்று எழுதினால் ஏழு ஆண்டு, பணிப்பதிவேட்டின்படி ஐந்துதான். முன்தேதியிட்டு ஒழுங்குபடுத்திய உத்தரவு இல்லாவிட்டால் அவர் தகுதி பெறுவதில்லை. அதைவிடச் சங்கடம், பயோடேட்டாவில் ஒரு தேதியும் பதிவேட்டில் வேறு தேதியும் இருப்பது. பயோடேட்டாவைத் தட்டச்சு செய்யும்போது பணிப்பதிவேட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இரண்டாவது கண்ணி ஊதிய நிலை. பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்கு 10, 20, 30 ஆண்டுகளில் எம்ஏசிபி திட்டத்தில் அடுத்த ஊதிய நிலை கிடைக்கிறது. அது ஆளுக்குக் கிடைத்த சலுகை, பதவியின் நிலை அல்ல. லெவல் 6 பதவியில் இருந்துகொண்டு எம்ஏசிபியால் லெவல் 8-இல் சம்பளம் வாங்குபவர், இந்தக் கட்டத்தில் 6 என்றே எழுத வேண்டும். எம்ஏசிபி விவரத்துக்குக் கீழே தனி இடம் இருக்கிறது. படிவமே இதை எச்சரிக்கையாக அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் சம்பளச் சீட்டைப் பார்த்து 8 என்று எழுதுகிறவர்கள் குறைவதில்லை.

மாநில அரசு ஊழியர்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்கும் சுற்றறிக்கைகளில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. மத்திய அரசின் ஊதிய நிலைகள் 18 வரை எண்ணிடப்பட்டவை. தமிழ்நாடு அரசின் 2017-ஆம் ஆண்டு ஊதிய அட்டவணை 32 வரை போகிறது. இரண்டிலும் ஒரே எண் ஒரே சம்பளத்தைக் குறிக்காது. வெறும் எண்ணை எழுதினால் டெல்லியில் இருக்கும் உதவியாளர் அதை மத்திய அரசு எண்ணாகவே படிப்பார். ‘தமிழ்நாடு ஊதிய அட்டவணை’ என்று குறிப்பிட்டு, அந்த நிலையின் தொடக்கத் தொகையையும் உச்சத் தொகையையும் ரூபாயில் எழுதி, அண்மைச் சம்பளச் சீட்டை இணைத்தால் ஒப்பிடுவது எளிது.

இனி, பயோடேட்டாவின் உயிர்நிலை. அதே ஏழாவது கட்டத்தின் கடைசிப் பத்தி ‘பணியின் தன்மை, விரிவாக’ என்று கேட்கிறது. விண்ணப்பிக்கும் பதவிக்கு வேண்டிய அனுபவத்தை எடுத்துக்காட்டும்படியும் சொல்கிறது. இங்கே மிகுதியாகக் காணக்கிடைப்பது ‘கணக்குப் பிரிவின் அனைத்துப் பணிகளும்’ அல்லது ‘மேலதிகாரி அவ்வப்போது இட்ட பணிகள்’ என்ற ஒற்றை வரி. இருபது ஆண்டு உழைப்பை இப்படி ஒரு வரியில் அடக்குவது அடக்கமாகத் தோன்றலாம். குழுவுக்கு அது வெற்றிடம்.

சுற்றறிக்கை பட்ஜெட், கணக்கு, தணிக்கை மூன்றிலும் அனுபவம் கேட்கிறது என்று கொள்ளலாம். எழுதுவது ஆங்கிலத்தில் என்றாலும் அதன் சாரம் இப்படி இருக்கலாம். பட்ஜெட்: ஆண்டுக்குச் சுமார் 40 கோடி ரூபாய் ஒதுக்கீடு பெறும் அலுவலகத்தின் வரவு செலவு மதிப்பீட்டையும் திருத்திய மதிப்பீட்டையும் தயாரித்தது, ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மறுஒதுக்கம் கேட்டு முன்மொழிவு எழுதியது, நிதியாண்டு முடிவதற்குள் மிச்சத் தொகையை ஒப்படைத்தது. கணக்கு: அரசின் இணையவழி நிதி மேலாண்மை அமைப்பான பிஎஃப்எம்எஸ்ஸில் பில்களைச் சரிபார்த்தது, மாதாந்திரச் செலவை ஊதிய மற்றும் கணக்கு அலுவலகத்தின் கணக்கோடு ஒத்துப்பார்த்தது, மானியம் பெற்ற நிறுவனங்களிடமிருந்து ஜிஎஃப்ஆர் (பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் பெற்றது. தணிக்கை: ஆய்வறிக்கைகளில் நிலுவையிலிருந்த பாராக்களுக்கு, அதாவது தணிக்கை ஆட்சேபணைகளுக்கு, பதில் தயாரித்தது, பொறுப்பேற்றபோது எத்தனை இருந்தன, எத்தனை தீர்ந்தன என்ற கணக்கு.

இப்படி எழுதுவதில் முதல் நன்மை, சுற்றறிக்கையின் மூன்று சொற்களும் இங்கே அதே வரிசையில் தலைப்புகளாகிவிட்டன. உதவியாளர் மூன்று கட்டங்களிலும் குறியிட்டுவிடலாம். இரண்டாவதாக, ஒவ்வொரு வேலையும் ஒரு விதி, ஒரு படிவம், ஒரு தொகை என்று எதிலாவது கட்டுண்டு நிற்கிறது. நிதித் துறையில் தொகை சொல்லாத அனுபவத்துக்கு எடை குறைவு. நான்கு லட்சம் ரூபாய் சில்லறைச் செலவுக்கு வவுச்சர் எழுதியவரும் நானூறு கோடி மானியத்தை விடுவித்தவரும் ‘பில் வேலை’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். தோராயத் தொகை போதும். ஆனால் கேட்டால் காட்டப் பதிவு இருக்க வேண்டும்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். பிஎஃப்எம்எஸ்ஸில் ஒரு பில் பல கைகள் மாறித்தான் பணமாகிறது. பணம் பெற்று வழங்கும் அலுவலரின் தரப்பில் ஒருவர் பதிவு செய்கிறார், அலுவலர் சரிபார்த்து அனுப்புகிறார், கணக்கு அலுவலகத்தில் மீண்டும் ஆராய்ந்து, கடைசியில் ஒருவர் டிஜிட்டல் கையொப்பமிடுகிறார். பதிவு செய்தவர் ‘ஒப்புதல் அளித்தேன்’ என்று எழுதினால், அதே வேலையில் ஊறிய குழு உறுப்பினருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். தயாரித்தது, சரிபார்த்தது, பரிந்துரைத்தது, ஒப்புதல் தந்தது என்ற நான்கில் எது உண்மையோ அதை எழுதினால் போதும். ‘தயாரித்தது’ என்பது தாழ்ந்த சொல் அல்ல. திருத்திய மதிப்பீட்டைத் தன் கையால் தயாரிக்கத் தெரிந்தவரைச் சின்ன அலுவலகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

பதினாறாவது கட்டம் கூடுதல் தகுதிக்கும் சாதனைக்கும். சிஎம்ஏ (செலவுக் கணக்காளர்) இடைநிலைத் தேர்ச்சி, அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் கொள்முதல் செய்த அனுபவம், ஜிஎஃப்ஆர் 2017 பற்றிய பயிற்சி முதலியன இங்கே வரலாம். பாராட்டுக் கடிதம் இருந்தால் தேதியோடு ஒரு வரி. சாதனையைக் காட்டும் ஆர்வத்தில் கோப்புக் குறிப்புகளின் நகலை இணைப்பது ஆபத்து: அலுவலகத் தகவலை வெளியே கொடுப்பதை 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடுக்கின்றன.

விண்ணப்பதாரர் கையெழுத்திட்டபின் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ‘ப்ராப்பர் சேனல்’ வழியாக, அதாவது சொந்தத் துறையின் மூலமாக, அது போக வேண்டும். பயோடேட்டாவில் உள்ளவை பதிவுகளின்படி உண்மை, தேர்வானால் விடுவிக்கத் தடையில்லை, விஜிலென்ஸ் வழக்கோ ஒழுங்கு நடவடிக்கையோ நிலுவையில் இல்லை, நேர்மையில் ஐயமில்லை, கடந்த 10 ஆண்டுகளில் தண்டனை ஏதும் இல்லை (இருந்தால் பட்டியல்) என்று துறை சான்றளிக்கிறது. கூடவே கடந்த ஐந்து ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளின் நகல்கள், சார்புச் செயலர் நிலைக்குக் குறையாதவரின் சான்றொப்பத்துடன் செல்ல வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் முழுமையற்றது. முன்கூட்டிய நகல் அனுப்புவதைச் சில சுற்றறிக்கைகள் ஏற்கின்றன. துறை வழியே வரும் பிரதி வந்து சேராவிட்டால் அதற்கு மதிப்பில்லை. விண்ணப்பித்தபின் பின்வாங்க அனுமதியில்லை என்ற நிபந்தனையும் வழக்கமாக உண்டு. ஆகவே, மாற்றலாகிப் போகக் குடும்பம் ஒப்புக்கொண்டதா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தப் பணிகளுக்குப் படிவக் கட்டுப்பாடு தளர்வானது. தேசிய நலவாழ்வுக் குழுமம் போன்ற திட்டங்களின் நிதிப் பிரிவுகளுக்குச் சிஏ, சிஎம்ஏ, எம்.காம் படித்தவர்கள் தனியார் அனுபவத்தோடு வருகிறார்கள். அவர்களுடைய ரெஸ்யூமேயில் லாப நட்டக் கணக்கும் வரித் திட்டமிடலும் நிரம்பியிருக்கும். அரசுக் கணக்கோ பெரும்பாலும் ரொக்க அடிப்படையிலானது. லாபம் என்ற கேள்வியே அங்கு இல்லை. கொடுத்த பணம் கொடுத்த நோக்கத்துக்குச் செலவானதா, மிச்சம் திரும்பியதா என்பதே கேள்வி. ஒரு சிஏ நிறுவனத்தில் இருந்தபோது அரசு மானியம் பெறும் சங்கத்தையோ கூட்டுறவு அமைப்பையோ தணிக்கை செய்திருந்தால் அதுதான் முதல் வரியில் வர வேண்டும். பெரிய கம்பெனியின் பெயர் இரண்டாவதாக வரட்டும். டேலி தெரியும் என்பதோடு எந்தக் கணக்குகளை அதில் பராமரித்தார் என்பதும், உறுப்பினர் எண்ணும் தேவை.

ஓய்வு பெற்று ஆலோசகராக வருபவர்களின் பயோடேட்டா இரண்டு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. ஓய்வூதிய ஆணையின் நகலும் கடைசிச் சம்பளச் சான்றும் கட்டாயம், ஏனெனில் மாதத் தொகை பொதுவாகக் கடைசி அடிப்படைச் சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்தைக் கழித்து நிர்ணயிக்கப்படுகிறது. உயர்ந்த பதவியில் ஓய்வு பெற்றவர்கள் தம் கீழ் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். அழைக்கும் அலுவலகத்தில் அப்படி யாரும் இருக்கமாட்டார்கள். ஓய்வூதியக் கோப்பைத் தானே தயாரிப்பாரா, பிஎஃப்எம்எஸ்ஸில் தானே உள்நுழைந்து வேலை பார்ப்பாரா, ஆடிட் பாராவுக்குத் தானே பதில் வரைவாரா என்பதைத்தான் அவர்கள் அறிய விரும்புகிறார்கள். பயோடேட்டாவின் முதல் பக்கத்திலேயே அதற்கு விடை இருந்தால் நேர்முகத்தில் மீதிப் பேச்சு சம்பளத்தையும் சேரும் தேதியையும் பற்றியதாக இருக்கும்.