மரக்கறிச் செடிகளை உறையிட்ட மென்கம்பியாற் கட்டுதல்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,100 அடி உயரத்திலும், அற்றன் நகரம் 4,000 அடிக்குச் சற்று மேலும் அமைந்துள்ளன. 1848 ஆம் ஆண்டிற் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவிற் குடியேறிப் பண்ணை அமைத்து ஐரோப்பிய மரக்கறிகளைப் பயிரிட முற்பட்டார். இன்று அவ்வினங்கள் பெருங் கமங்களில் மட்டுமன்றி, தேயிலை மலைகளின் ஓரங்களிலும் லயன்களின் பின்புறத்தேயுள்ள சிறு துண்டு நிலங்களிலும் செழித்து வளர்வதைக் காணலாம்.

குளிர் இப்பயிர்களுக்கு இசைந்ததே. ஆயினும் காற்றும் மழையும் அவ்வாறல்ல. மே மாதந் தொட்டுச் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, காய் பிடித்து நிற்கும் தக்காளிப் பாத்தியை ஓரிரவிற் சாய்த்துவிடும். சாய்ந்த செடியின் காய்கள் ஈரமண்ணிற் பட்டு அழுகும். இலைகள் ஒன்றன்மேலொன்று படிந்து உலராது கிடப்பதால், உருளைக்கிழங்கை அழிக்கும் அதே பிந்திய வெளிறல் நோய் தக்காளியையும் பற்றிக்கொள்ளும். ஆகவே செடியை நிமிர்த்திக் கட்டுதல் அழகிற்காகச் செய்யப்படும் வேலையன்று. அது நோய்த்தடுப்பும் ஆகும்.

எல்லாப் பயிருக்கும் கட்டு வேண்டுமா என்பதை முதலிலே தீர்மானித்துக் கொள்ளவேண்டும். கொடிப்போஞ்சி தானாகவே கம்பைச் சுற்றி ஏறும். மேலிருந்து நோக்கின், அது கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராகச் சுற்றுவது புலப்படும். தவறிய கொடியைக் கையினால் எடுத்து அத்திசையிலேயே சுற்றிவிடுதல் போதும். மாறாகச் சுற்றினால் அது அவிழ்ந்து விழும். பட்டாணி தன் பற்றுத் தந்துக்களாற் சுள்ளிகளைப் பிடித்துக்கொள்ளும். தக்காளிக்கோ சுற்றும் இயல்புமில்லை, பற்றுத் தந்துவுமில்லை. கறிமிளகாயும் காய்ச்சுமை ஏறியபின் கவட்டிலே பிளக்கக்கூடியது. மரத்தக்காளியின் கிளைகள் எளிதில் முறிபவை. வேரும் ஆழமாகச் செல்வதில்லை. கட்டு இன்றியமையாதது இம்மூன்றுக்குமேயாம்.

கட்டுவதற்கு வாழைநார், தும்புக்கயிறு, பழஞ்சேலைக் கிழிசல் ஆகியன நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. இவற்றை இகழ்வதற்கில்லை. செடிக்கு இதமாயிருப்பதிற் சேலைக் கிழிசலுக்கு நிகரானது அரிது. ஆனால் அற்றன் பக்கத்து மழையில் வாழைநார் விரைவில் உளுத்து அறுந்துவிடுகின்றது. துணியோ நீரைத் தேக்கித் தண்டைச் சுற்றி எப்பொழுதும் ஈரத்தை நிறுத்துகின்றது. இக்குறைகளை நீக்கும்பொருட்டே உறையிட்ட மென்கம்பி புழக்கத்துக்கு வந்தது. காய்ச்சி ஆறவிட்டு மென்மையாக்கிய மெல்லிய இரும்புக் கம்பியொன்று நடுவேயிருக்க, அதன்மேல் பிளாத்திக்கு அல்லது பஞ்சு போன்ற மிருதுவான இறப்பர் உறை போர்த்தப்பட்டிருக்கும். கையினால் வளைக்கலாம், வளைத்தபடியே நிற்கும், முடிச்சுத் தேவையில்லை, அவிழ்த்து மீண்டும் பயன்படுத்தலாம். தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் மெல்லிய உறையுடையது போதும். மரத்தக்காளிக்கும் பங்களாத் தோட்டத்து உரோசாக் கொடிக்கும் பருத்த உறையுடையதே ஏற்றது.

பாண் பொதியின் வாயைக் கட்ட வரும் கடதாசி ஒட்டிய சிறு கம்பிகளையும், உறை உரித்த பழைய மின்கம்பிகளையும் சிலர் இதற்குப் பயன்படுத்துகின்றனர். இது தவறு. கடதாசி மழையிற் கரைந்தபின் எஞ்சுவது வெறுங்கம்பியே; அது இளந்தண்டைக் கத்திபோல் அறுக்கும்.

அறுப்பதனால் விளையும் கேடு யாது? இலைகள் சமைக்கும் உணவு, தண்டின் புறத்தோலை அடுத்துள்ள உரியம் என்னும் மெல்லிய படையின் வழியாக வேருக்கு இறங்குகின்றது. வேர் உறிஞ்சும் நீரோ உட்புறத்துக் காழின் வழியாக மேலே ஏறுகின்றது. இறுகிய கட்டு முதலில் நெரிப்பது உரியத்தையே. நீர் தொடர்ந்து ஏறுவதாற் செடி சில நாட்களுக்கு நலமாகவே தோன்றும். கட்டுக்கு மேற்புறம் தண்டு வீங்குவதொன்றே அறிகுறி. பின்னர் வேர் பட்டினியால் மெலிய, செடி மஞ்சளித்துப் போகும். அந்நிலையில் உரம் போதவில்லையென எண்ணி மேலும் உரமிடுவார் பலர். பணமும் போய்ச் செடியும் போவது இவ்வாறுதான். மஞ்சளித்த செடியைக் கண்டால், உரப்பையைத் தேடுமுன் அதன் கட்டைப் பார்த்தல் வேண்டும்.

கட்டும் முறை

கம்பு 5 அல்லது 6 அடி நீளமாயிருத்தல் நன்று. ஒன்றரை அடி மண்ணுள் இறங்கவேண்டும். கிறவிலியாக் கிளைகளும், கவ்வாத்து வெட்டியபின் கிடைக்கும் பருத்த தேயிலை மிலாறுகளும் இதற்கு உதவும். ஆயினும் மிலாறு குட்டையானதாற் கறிமிளகாய்க்கே பொருந்தும். பச்சை முள்முருக்கு நட்டால் அது வேர்விட்டுத் துளிர்த்துப் பயிருடன் போட்டியிடும். நாற்று நடும்பொழுதே கம்பையும் நட்டுவிடவேண்டும். பின்னர் நடுவோர் வேரைக் குத்திச் சிதைப்பர். காற்று வரும் பக்கத்திலே கம்பும், மறுபக்கத்திலே செடியும் நிற்கவேண்டும். அப்பொழுது காற்று செடியைக் கம்பின்மேல் மோதாது, அதனின்று விலக்கியே தள்ளும். அற்றன், தலவாக்கலைப் பக்கங்களிற் பெரும்பாலும் தென்மேற்கே அத்திசையாகும். எனினும் மலை மடிப்புகளிற் காற்றுத் திரும்புவதுண்டு; அதனை அந்நிலத்திலே நின்று அறிந்துகொள்வதே தகும்.

கம்பியை 8 அல்லது 9 அங்குலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம். முதலிற் கம்பைச் சுற்றி இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, கம்புக்கும் செடிக்கும் இடையே கம்பியை ஒருமுறை குறுக்கிட்டு, பின் தண்டைத் தளர்வாக வளைத்து, நுனியைத் திரும்பவும் கம்பிலே முறுக்கவேண்டும். கட்டு 8 என்னும் இலக்கம்போல் தோன்றும். குறுக்கே செல்லும் கம்பி, தண்டு கம்பின்மீது உரசாமல் தடுக்கும். தண்டுக்கும் கட்டுக்கும் இடையே சுண்டுவிரல் புகும் இடைவெளி இருத்தல் அவசியம். காற்றிற் சிறிது அசையும் தண்டே தடித்து உரமேறும். அசைய விடாது பிணித்த தண்டு மெலிந்தே வளரும். கட்டு இலைக்காம்பின் கீழே அமையவேண்டும். பூங்கொத்தை ஒட்டிக் கட்டலாகாது. செடி ஓரடி உயரமானதும் முதற்கட்டும், அதன்பின் 8 முதல் 10 அங்குலத்துக்கு ஒன்றாக ஏனையவும் இடலாம். இரு வாரங்களுக்கொருமுறை விரலை நுழைத்துப் பார்த்து, இறுகியவற்றைத் தளர்த்துதல் வேண்டும். வெட்டுநுனிகளை வெளியே நீட்டி விடாது கம்போடு மடித்துவிடுக; குனிந்து காய் பறிப்பவரின் கண்ணுக்கு அவை ஆபத்தானவை.

வெற்றிலையோடு புகையிலை போடுவோரும் பீடி புகைப்போரும், தக்காளியையோ கறிமிளகாயையோ கட்டுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவவேண்டும். பதப்படுத்திய புகையிலையிலும் அழியாது தங்கியிருக்கும் சித்திரவடிவ வைரசு, கட்டும் கையாலேயே செடிக்குச் செடி பரவக்கூடும். நோயுற்ற செடியிலிருந்து அவிழ்த்த கம்பியை, வெளிற்றும் தூள் கரைத்த நீரில் ஊறவிட்டுக் கழுவாமல் மறுபடி பயன்படுத்தலாகாது.

அறுவடைக்குப் பின்

இப்பகுதியே பலராற் கைவிடப்படுவது. தும்புக்கயிறு மண்ணோடு மக்கிவிடும், கம்பி மக்குவதில்லை. வெலிமடைப் பக்கத்திற் போல நெல்வயலிலே மரக்கறி பயிரிட்டு, அடுத்த போகத்தில் அதையே சேறாக்கும் கமக்காரர், விட்டுப்போன கம்பித் துண்டை வெறுங்காலினாலேயே கண்டுபிடிப்பர். சேற்றிற் குத்திய புண் ஏற்புவலிக்கு இடந்தரும். அத்தகைய புண்ணுக்கு வைத்தியசாலையில் ஊசி ஏற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

அதனினும் கொடியது பசுவுக்கு நேர்வது. தோட்டத்துக் குடும்பம் பலவற்றுக்குச் சம்பளத்துக்கு அப்பாற்பட்ட வருமானம் ஒரு பசுவே. பாத்தி ஓரத்திற் புல் அறுக்கும்பொழுது சிறு கம்பித் துண்டும் கட்டோடு வந்துவிடும். பசு தீனியை நன்கு மெல்லாமலே விழுங்கும் இயல்புடையது. கம்பி, தேன்கூடு போன்ற அதன் இரண்டாம் இரைப்பையிலே தங்கி, இரைப்பை சுருங்குந்தோறும் சுவரைக் குத்தும். அவ்விரைப்பைக்கு முன்னே, மெல்லிய திரையொன்றுக்கு அப்பால் இருப்பது இதயம். திடீரெனப் பால் வற்றுதல், தீனி மறுத்தல், முதுகை வளைத்து முன்னங்கால் முட்டிகளை வெளியே அகற்றி நிற்றல், முனகுதல் ஆகியன இதன் அறிகுறிகள். மேட்டில் ஏறும் பசு இறக்கத்தில் இறங்க மறுக்குமாயின் இதனையே முதலிற் சந்தேகிக்கவேண்டும். கசாயங் கொடுத்து நாட்கடத்தாமல் மிருக வைத்தியரை உடனே அழைத்தல் வேண்டும். தொடக்கத்திலாயின் காந்தத் துண்டொன்றை விழுங்கச் செய்து கம்பியை அசையாது பிடித்துவைக்க அவரால் இயலும். இதயத்தைக் குத்தியபின் செய்யத்தக்கது அரிது.

ஆதலாற் கம்பித் துண்டுகளை எண்ணியே பாத்திக்குக் கொண்டுசெல்லுக. நூறு கொண்டுசென்றால், செடி பிடுங்குமுன் நூறும் திரும்பவேண்டும். குறைந்தால், தேடிய பின்னரே அங்கு புல் அறுக்கலாம். செடியோடு சேர்த்துப் பிடுங்கி எருக்குழியில் இடுவதும், அடுப்பில் எரிப்பதும் கூடாதன. எரியும் பிளாத்திக்கு உறையின் புகை நச்சுத்தன்மையுடையது. லயன் அறையிற் படுத்திருக்கும் குழந்தையே அதை முதலிற் சுவாசிக்கும். திரட்டிய கம்பிகளை நிமிர்த்தி, கழுவி, உலர்த்தி, மூடியுள்ள தகரப் பேணியில் இட்டு வைத்தால் பல போகங்களுக்கு உதவும். உறை வெடித்து இரும்பு தெரிபவற்றை மட்டும் ஒதுக்கிப் பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.