உளவியல் வினாத்தாளைத் தமிழாக்க யாரை நாடுவது?

மனச்சோர்வை மதிப்பிட உலகெங்கும் வழங்கும் 'பி.எச்.க்யூ-9' என்பது, கடந்த இரண்டு வாரங்களில் ஒருவருடைய உறக்கம், பசி, ஆர்வம் முதலியன எவ்வாறு மாறின என்பதை ஒன்பது வினாக்களால் அறிந்து, 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும் வினாத்தாள் ஆகும். சேலத்துத் தறித் தொழிலாளியிடமோ நாமக்கல் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் பெண்ணிடமோ இத்தகைய வினாக்களைத் தமிழில் கேட்கும்போது, விடையின் நம்பகம் பெரிதும் மொழிபெயர்ப்பாளரைப் பொறுத்தே அமைகிறது.

இருமொழிப் புலமை மட்டும் இதற்குப் போதாது. உளவியல் கற்ற ஒருவரும் அத்துறை சாராத ஒருவரும் தனித்தனியே தமிழாக்கிய பின், மூலத்தைக் காணாத மூன்றாமவர் அத்தமிழாக்கத்தை மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்ப்பதும் (இது மீள்பெயர்ப்பு எனப்படும்), இரு ஆங்கில வடிவங்களையும் ஒப்பிட்டுப் பிழை களைவதும், இறுதியில் உள்ளூர் மக்கள் சிலரிடம் வினாக்களைப் படித்துக் காட்டி அவர்கள் புரிந்துகொண்டதைக் கேட்டறிவதும் நன்னெறியாகும். இவற்றுள் கடைசிப் படியே மிக இன்றியமையாதது. நேரமின்மையால் பெரும்பாலும் கைவிடப்படுவதும் அதுவே என்பது வருந்தத்தக்கது.

வினாக்களுக்கு மட்டுமன்றிச் சிகிச்சைக்கும் புரியும் மொழி தேவை: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்கான ஒப்புதலை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின்பே பெறவேண்டும் என்கிறது. சேலத்தில் 1997இல் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையும் தமிழ்த் துறையும் உள்ளன. இத்தகைய மொழிபெயர்ப்பாளரைத் தேடுவோர் அங்கிருந்து தொடங்கலாம்.