சங்கிலி ரம்பத்தின் சைலென்ஸரும் கார்ப்புரேட்டரும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களின் தென்னந்தோப்புகளைத் தரையோடு சாய்த்தது. வீழ்ந்த மரங்களை அகற்றப் பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் எத்துணை உதவியானது என்பதை அப்பகுதி மக்கள் நேரில் கண்டறிந்தனர். சவுக்கு வெட்டவும், சீமைக் கருவேலத்தை ஒழிக்கவும், சாலையில் விழுந்த மரத்தை அறுக்கவும் இவ்வியந்திரம் இன்று கிராமங்களில் பயன்பட்டு வருகிறது.

இதன் வலுவைக் கூட்டும் பொருட்டுச் சைலென்ஸரின் துவாரத்தைப் பெரிதாக்கும் பழக்கம் ரம்பம் கையாள்வோரிடையே உலகெங்கும் உண்டு. எரிந்த புகை தடையின்றி வெளியேறினால் வலு சற்றுக் கூடும் என்பது உண்மையே. ஆனால் துவாரத்தைப் பெரிதாக்கிவிட்டுக் கார்ப்புரேட்டரைத் தொடாமல் விடுவதாலேயே நல்ல இயந்திரங்கள் பாழாகின்றன.

காரணம் எளியது. புகை விரைந்து வெளியேறினால் புதிய காற்றும் மிகுதியாக உள்ளே வரும். கார்ப்புரேட்டரோ பழைய அளவை ஒட்டியே பெட்ரோலை விடுகிறது. ஆகவே காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை உண்டாகிறது. இஃது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதை இங்கு மறத்தலாகாது. பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே செல்கிறது. அதற்குத் தனிவழி கிடையாது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரோடு உராய்ந்து பிடித்துக்கொள்ளும். முழு விசையில் சில நிமிடங்கள் அறுப்பதே இதற்குப் போதும்.

கார்ப்புரேட்டரில் வழக்கமாக மூன்று திருகுகள் காணப்படும். ‘எல்’ என்பது மெதுவான ஓட்டத்துக்கும், ‘எச்’ என்பது முழு விசைக்கும் பெட்ரோலை அளப்பவை. இவற்றை வலப்புறம் திருகினால் பெட்ரோல் குறையும். இடப்புறம் திருகினால் கூடும். ‘டி’ அல்லது ‘எல்.ஏ.’ எனக் குறித்த மூன்றாவது திருகு பெட்ரோலை அளப்பதன்று. எஞ்சின் சும்மா ஓடும்போது, அதாவது மெக்கானிக்குகள் ‘ஐடிலிங்’ என்று கூறும் நிலையில், காற்றுக் கதவு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். விசையை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்கி நின்றால், மூன்றாவது திருகைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்துவிட்டுச் சரியாயிற்று என்று எண்ணுகின்றனர். நோய் அங்கில்லை. பெட்ரோல் குறைந்த கலவையோ, கார்ப்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயில் காற்றுக் கசிவோதான் அதற்குக் காரணம். சைலென்ஸரை மாற்றியதன் விளைவு பெரும்பாலும் முழு விசையில்தான் தோன்றும். மெதுவான ஓட்டத்தில் சிறிதே. ஆதலால் ஐடிலிங் பெரிதும் தடுமாறினால், முதலில் கசிவைத் தேடுவதே முறை.

திருகுகளில் கைவைக்கும் முன் காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்து, புதிய பெட்ரோல் ஊற்றிச் சங்கிலியின் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு திருகும் மூடிய நிலையிலிருந்து எத்தனை சுற்றுத் திறந்துள்ளது என்பதை எண்ணி எழுதி வைத்தல் நலம். பின்னர் எஞ்சினை நன்கு சூடேற்றி, சங்கிலி எதிலும் படாதபடி சமதரையில் வைத்து, எதிரில் ஒருவரும் நில்லாதபடி பார்த்துக்கொண்டு தொடங்கலாம்.

முதலில் ‘எல்’. ஐடிலிங் மிக வேகமாக ஓடும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று முதல் கால் சுற்று வரை இடப்புறம் திறக்க வேண்டும். விசை கொடுத்தவுடன் எஞ்சின் திணறினால் இன்னும் சிறிது திறக்கலாம். புகைந்து தயங்கினால் சற்று மூடலாம். அடுத்து மூன்றாவது திருகு. எஞ்சின் அணையாமலும் சங்கிலி நகராமலும் நிற்கும் அளவே சரியான அளவு. சும்மா ஓடும் எஞ்சினில் சங்கிலி ஊர்ந்து செல்லுமானால், அந்த ரம்பத்தைத் தோப்புக்குள் எடுத்துச் செல்லவே கூடாது. தடுக்கி விழுபவரின் தொடைக்கும் அதற்கும் இடையே வேறு காப்பில்லை.

இறுதியில் ‘எச்’. இதனை இடப்புறம் சிறிது மிகையாகவே திறந்து தொடங்குக. மரத்தில் படாமல் சில விநாடிகள் மட்டும் முழு விசை கொடுத்தால் ஒலி சற்று உடைந்து கரகரக்க வேண்டும். மரத்தில் இறங்கியதும் அது தெளிந்து சீராக வேண்டும். மரத்தில் படாதபோதே ஒலி கீச்சென்று தெளிவாயிருப்பின் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஆனால் செவியை முற்றும் நம்புவதற்கில்லை. வேகத்துக்கு மின்பொறியே வரம்பு கட்டும் இயந்திரங்களில், அந்த வரம்பைத் தொடும்போதும் இதே கரகரப்பு எழும். அவ்வகைக்குச் சுற்றுமானி கொண்டு கையேட்டிலுள்ள உச்சவேகத்தோடு ஒப்பிடுதலே வழி. தானே கலவையைச் சரிசெய்துகொள்ளும் புதிய வகைகளில் இத்திருகுகளே இரா.

இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், சைலென்ஸரைத் தொடாத இயந்திரத்திலும் கலவை சற்று மெலியும். துவாரமும் பெரிதானால் குறை இரட்டிக்கும். நீலகிரியின் மெல்லிய காற்றில் சரிசெய்த ரம்பத்தைச் சமவெளிக்குக் கொண்டுவந்து அப்படியே இயக்கினாலும் இதே கதிதான்.

என் கருத்தில், சொந்தத் தோப்புக்கு மட்டும் ரம்பம் வைத்திருப்பவர் துவாரத்தைப் பெரிதாக்கத் தேவையே இல்லை. வலுக் குறைவுக்குக் காரணம் பல வேளைகளில் சைலென்ஸருக்குள் இருக்கும் பொறித்தடுப்பு வலையில் அடைந்த கரியேயாகும். அதனைக் கழற்றித் துலக்கி மீண்டும் பொருத்தினால் போதும். வலையை எறிந்துவிடலாகாது, காய்ந்த சருகில் ஒரு தீப்பொறி விழுந்தால் தோப்பே எரியும். துளையிட்டே தீரவேண்டுமெனில் சைலென்ஸரைத் தனியே கழற்றித் துளையிடுக; இரும்புத் தூள் எஞ்சினுக்குள் புகலாகாது. ஒலியும் முன்னினும் மிகும். காதுறை அணியாமல் வேலை செய்யலாகாது.

பஞ்சாயத்துக்குச் சொந்தமான ரம்பமாயின், அதைப் பலர் கையாள்வர். மூன்று திருகுகளின் சுற்றளவையும், எண்ணெய்க் கலவையின் விகிதத்தையும், சைலென்ஸர் மாற்றப்பட்டதா என்பதையும் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைக்கலாம். அடுத்துத் திருகைத் தொடுபவர், தாம் செய்த மாற்றத்தை நாளிட்டு அதன் கீழேயே எழுதட்டும்.