இரைச்சலைத் தேடி

புயல் எச்சரிக்கையைக் கேட்க வானொலியின் முன் அமர்ந்திருக்கிறோம். அவ்வேளையில் ‘கொர்’ என்னும் இரைச்சல் எழுந்து சொற்களை விழுங்கிவிடுகிறது. உடனே அண்டை வீட்டார்மீது ஐயம் கொள்கிறோம். ஆராயாது ஒருவர்மீது பழி சுமத்துதல் அறமாகுமா? இரைச்சல் பிறக்கும் இடத்தை அறிய எளிய கருவி ஒன்று உண்டு. அதுவே வளைய ஏரியல்.

இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்காக இணைத்து, பக்கம் ஏறத்தாழ 60 செ.மீ. உள்ள சதுரமாக, உறையிட்ட செப்புக் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றுக. அதன் இரு முனைகளையும் மாறும் மின்தேக்கி ஒன்றோடு இணைக்க. அருகில் தனியே ஒற்றைச் சுற்றுக் கம்பியைக் கட்டி, அதன் முனைகளை வானொலியின் ஏரியல், தரை இணைப்புகளில் சேர்க்க. மத்திய அலையில் நிலையம் எதுவும் ஒலிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, இரைச்சல் மிகும்வரை மின்தேக்கியைத் திருப்புக.

இனிச் சட்டத்தை நிமிர்த்தி மெல்லச் சுழற்றினால், இரைச்சல் ஒரு நிலையில் ஓங்கும். மற்றொரு நிலையில் ஒடுங்கும். காரணம் யாது? அலை சட்டத்தின் விளிம்பை நோக்கி வரும்போது, ஒரு பக்கக் கம்பியை முன்னும், மறுபக்கக் கம்பியைச் சற்றுப் பின்னும் அடைகிறது. அவ்வேறுபாட்டால் மின்னோட்டம் பிறக்கிறது. சட்டத்தின் முகத்துக்கு நேரே வருமாயின், இரு பக்கங்களையும் ஒருங்கே அடைகிறது. அங்கு எழும் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஓசை மறையும்போது சட்டத்தின் முகம் நோக்கும் திசையை ஊர்ப்படத்தில் கோடாக வரைக.

ஒரு கோடு போதாது. இரைச்சல் முன்னே உளதா, பின்னே உளதா என்பதை அது கூறாது. வேறோரிடத்தில் நின்று மற்றொரு கோடு வரைக. இரண்டும் வெட்டுமிடமே நாம் தேடும் இடம். மின்கம்பிகள் இரைச்சலைச் சுமந்து செல்லுமாதலால், அவற்றின் அருகே அளந்தால் ஏமாறுவோம். திறந்த வெளியே ஏற்றது.

சென்று பார்த்தால், குற்றவாளி மின்கம்பத்தில் விரிசலுற்ற பீங்கானாக இருக்கலாம். நம் வீட்டுக் கைப்பேசியின் சார்ஜராகவும் இருக்கலாம்! கம்பத்தைத் தொடலாகாது, மின்வாரியத்தாருக்கு அறிவித்தலே முறை.

1930-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கார்ல் ஜான்ஸ்கி என்னும் பொறியாளர், கடல் கடந்த தொலைபேசிப் பேச்சுக்கு இடையூறான இரைச்சலைப் பெரியதொரு சுழல் ஏரியலால் தேடினார். இடிமின்னலால் எழாத மெல்லிய ஓசையொன்று எஞ்சியது. அது ஓங்கும் நேரம் நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தியது. விண்மீன்களும் அவ்வாறே முந்தி உதிப்பன. அவ்வோசை பால்வீதியிலிருந்து வருவதாக 1933-இல் அவர் வெளியிட்டார். வானொலி வானியல் என்னும் புதிய துறைக்கு அதுவே வித்தாயிற்று. இடையூறு என்று பிறர் வெறுத்த ஒன்றை, பொறுமையோடு ஆராய்ந்தவருக்கு விண்ணே பேசிற்று.