மண்ணுக்குள் இருக்கும் ஆபத்து: கண்ணிவெடியை எப்படி அகற்றுகிறார்கள்?



மகாராஜபுரத்தில் நடந்த குழுக் கூட்டத்தில், நம் விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களைப் பற்றிப் பேச்சு வந்தது. “சண்டைதான் 2009-லேயே முடிஞ்சிருச்சே, இன்னும் ஏன் அவங்க சொந்த ஊருக்குப் போகல?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். வீடு போச்சு, அங்கே பிழைப்பு இல்லை, பிள்ளைகள் இங்கேயே பிறந்து படிக்கிறார்கள் என்று காரணங்கள் பல. நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு காரணமும் உண்டு. வடக்கு இலங்கையில் சில இடங்களில் மண்ணுக்குள் இன்னும் கண்ணிவெடி இருக்கிறது.

கண்ணிவெடி என்றால் என்ன?

அங்கே இதை மிதிவெடி என்றும் சொல்வார்கள். பல வெடிகள் உள்ளங்கை அளவுதான். லேசாக மண் மூடிப் புதைத்திருப்பார்கள். மேலே கால் அழுத்தினால் வெடிக்கும். கால் போகும், உயிரும் போகலாம். சண்டை முடிந்தது அந்த வெடிக்குத் தெரியாது. மிதித்தது சிப்பாயா, விறகு பொறுக்க வந்த அம்மாவா என்றும் தெரியாது.

யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலையில் முகமாலை என்று ஓர் ஊர். 2000-க்குப் பிறகு பல வருடம் சண்டையின் முன்வரிசை அங்கேதான் இருந்தது. இரண்டு தரப்பும் வெடி புதைத்தார்கள். சண்டை ஓய்ந்த பிறகும் சொந்த நிலத்தில் கால் வைக்க முடியாமல் ஜனங்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

எப்படி அகற்றுகிறார்கள்?

1. விசாரிப்பது: முதல் வேலை ஊர்க்காரர்களிடம் கேட்பதுதான். எங்கே மாடு செத்தது, எங்கே ஆள் அடிபட்டது, ராணுவம் எங்கே தங்கியிருந்தது என்று விசாரித்து வரைபடம் போடுவார்கள். ஆடு மாடு மேய்க்கும் பெண்கள் சொல்லும் தகவல் இதற்கு ரொம்ப முக்கியம்.

2. அடையாளம் வைப்பது: ஆபத்தான இடத்தைச் சுற்றி மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை நடுவார்கள். அதைத் தாண்டி யாரும் போகக்கூடாது.

3. தேடுவது: முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, உடம்புக்குக் கனமான கவசம் போட்டுக்கொண்டு, ஒடுக்கமான பாதையாக முன்னேறுவார்கள். மெட்டல் டிடெக்டர் இரும்பு இருந்தால் சத்தம் கொடுக்கும். ஆனால் பல வெடிகள் பிளாஸ்டிக்கில் செய்தவை, உலோகம் துளிதான் இருக்கும். பழைய ஆணிக்கும் குண்டுச் சிதறலுக்கும்கூட அது கத்தும். அதனால் இலங்கையில் பல இடங்களில் குப்பை வாரி மாதிரி பல் வைத்த கருவியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இழுக்கிறார்கள். அழுத்தம் மேலிருந்து பட்டால்தான் ஆபத்து என்பதால், பக்கவாட்டில்தான் வெடியை நெருங்குவார்கள். ஒருவர் ஒரு நாள் முழுக்க வேலை செய்தாலும் சின்ன அறை அளவு இடம்தான் முடியும்.

4. அழிப்பது: கிடைத்த வெடியை அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செயலிழக்கச் செய்வார்கள் அல்லது பாதுகாப்பாக வெடிக்க வைப்பார்கள்.

5. ஒப்படைப்பது: சுத்தம் செய்த நிலத்தை வேறொரு குழு மறுபடி சோதிக்கும். அதன் பிறகுதான் நிலம் உரியவர் கைக்கு வரும்.

வெளிநாடுகளில் மோப்ப நாய்களும் பழக்கிய எலிகளும் உதவுகின்றன. கம்போடியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட வெடிகளை மோந்து கண்டுபிடித்த மகாவா என்ற எலிக்கு 2020-ல் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள்!

இந்த வேலையில் பெண்கள்

2002 முதல் ஹேலோ டிரஸ்ட், மேக் போன்ற நிறுவனங்களும், பின்னர் டேஷ் என்ற உள்ளூர் அமைப்பும் இந்தப் பணியைச் செய்து வருகின்றன. நம் நாட்டு முன்னாள் ராணுவத்தினரின் குழுக்களும் அங்கே போய் வேலை செய்திருக்கின்றன. கவசம் போட்டு மண்ணைச் சுரண்டுவோரில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். சண்டையில் கணவரை இழந்து, தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்களும் அதில் உண்டு. அந்தச் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். இதற்கு உடல் பலத்தைவிட நிதானமும் ஒழுங்கும்தான் வேணும். அவசரப்பட்டால் உயிர் போகும்.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி நிலத்தைச் சுத்தம் செய்ய 2028 ஜூன் வரை கெடு.

நமக்கு என்ன பாடம்?

ஊர் திரும்ப நினைக்கும் முகாம் சகோதரிகள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், “நிலத்தைச் சுத்தம் செய்து ஒப்படைச்சிட்டாங்களான்னு கேட்டுட்டுப் போங்க” என்று சொல்லுங்கள்.

நம் பக்கம் கண்ணிவெடி இல்லை. ஆனால் மலையடிவாரத்தில் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறோம். காட்டுப்பன்றிக்குச் சட்டவிரோதமாக வைக்கும் அவுட்டுக்காய் கண்ணில் படலாம். வெடிக்காமல் கிடக்கும் பட்டாசைப் பிள்ளைகள் பொறுக்கலாம். அதனால்:

• தெரியாத பொருளைத் தொடாதீர்கள், காலால் தள்ளாதீர்கள், கல் எறியாதீர்கள்.
• அங்கேயே நின்று, பக்கத்தில் வருபவர்களைச் சத்தம் போட்டு நிறுத்துங்கள்.
• வந்த வழியே மெதுவாகத் திரும்பி வாருங்கள். ஆனால் கண்ணிவெடி உள்ள நாட்டில் என்றால் அசையாமல் நின்று உதவிக்குக் கூப்பிட வேண்டும்.
• இடத்தை நினைவில் வைத்து, வனத்துறைக்கோ 112-க்கோ தகவல் கொடுங்கள்.

அடுத்த வாரக் கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.