வருவாயற்ற இரு மாதங்கள்: சினைப் பசுவின் தீவனமும் கண்காணிப்பும்

கேரளத்தில் கறவை மாடு வளர்ப்போரில் பெரும்பாலோர் ஓரிரு பசுக்களை மட்டுமே உடைய சிறு குடும்பத்தினர். பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும் பாலுக்குக் கிடைக்கும் தொகையிலிருந்தே அடுத்த மூட்டைத் தீவனம் வாங்கப்படுகிறது. ஆகவே, கறவை நின்றதும் வரவு நின்றுவிடுகிறது. வரவு நின்றதும் முதலில் குறைக்கப்படுவது அடர்தீவனமே. ஆனால், வயிற்றுக் கன்று மிக விரைவாக வளர்வது இக்காலத்தில்தான்.

நாட்டுப் பசு குறைவாகக் கறந்தது, குறைவாகவே உண்டது. 1963-இல் இந்திய, சுவிட்சர்லாந்து அரசுகளின் கூட்டுத் திட்டம் மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியில் தொடங்கப்பட்டது. பிரவுன் சுவிஸ் காளைகளையும் உள்ளூர்ப் பசுக்களையும் இணைத்து உருவாக்கப்பட்டதே ‘சுனந்தினி’ இனம். 1976-இல் நிறுவப்பட்டு, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் இப்பணியைத் தொடர்கிறது. பால் பெருகியது, தீவனத் தேவையும் உடன் பெருகியது. மறுபுறம், 1970-களின் நடுவில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேலிருந்த மாநிலத்தின் நெல் பரப்பு, பின்னர் ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. வைக்கோலுக்குக்கூடத் தமிழ்நாட்டை எதிர்பார்க்கும் நிலை இதனால் உண்டாயிற்று.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். கன்றின் பிறப்பு எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதங்களில் சேர்கிறது. எனவே, ஈற்றுக்கு 60 நாட்களுக்கு முன்பே பால் வற்றச் செய்து மடிக்கு ஓய்வளிக்க வேண்டும். கடைசி நாள் வரை கறப்பது சிக்கனமன்று. அடுத்த ஈற்றின் பாலிலிருந்து வாங்கும் கடன் எனலாம். வளரும் கருப்பை இரைப்பையை நெருக்குவதால் பசு ஒரே வேளையில் அதிகம் உண்ண இயலாது. பராமரிப்புக்குரிய அளவுக்கு மேல் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிலோ வரை அடர்தீவனத்தைப் பிரித்து அளிப்பது நன்று. பசு கொழுத்துவிடலும் ஆகாது. மிகக் கொழுத்த பசு ஈனுகையில் இடர்ப்படும், ஈன்றபின் தீவனத்தை வெறுக்கும்.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. பால் காய்ச்சலைத் தடுக்கலாம் என்று ஈற்றுக்கு முந்தைய வாரங்களில் இச்சத்தை மிகுதியாக அளிப்பது பெரும்பாலும் எதிர்விளைவையே தரும். தேவைக்கு மேல் தீவனத்தில் கிடைத்துவிட்டால், எலும்பிலிருந்து அதை எடுத்து இரத்தத்தில் சேர்க்கும் உடலின் இயக்கம் மந்தமாகிவிடுகிறது. ஈன்றவுடன் சீம்பாலுக்குத் திடீரெனத் தேவைப்படும் அளவை உடல் ஈடுசெய்ய இயலாமல் பசு படுத்துவிடுகிறது. மூன்றாம் ஈற்றுக்குப் பின், நன்கு கறக்கும் பசுக்களுக்கே இவ்வாபத்து அதிகம். இப்பருவத்துக்குரிய தாது உப்பின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவதே முறை.

கண்காணிப்புக்கு அடிப்படை, சினையூட்டிய தேதியைக் குறித்து வைத்தல். அதனுடன் ஒன்பது மாதங்களும் ஒன்பது நாட்களும் கூட்டினால் ஈனும் நாள் ஏறக்குறையத் தெரியும். மடி பருத்தலும், வாலின் அடிப்பகுதியில் இருபுறமும் உள்ள தசைநார்கள் தளர்ந்து குழிவிழுதலும் ஈற்று நெருங்கியதற்கு அறிகுறிகள். பனிக்குடம் வெளிப்பட்டு இரண்டு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லையெனில், கன்றை இழுக்க அயலாரைத் திரட்டுவதை விட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குப் பின்னும் விழாதிருந்தாலும் அவ்வாறே செய்ய வேண்டும்.

மாநிலத்தில் பெண் கன்றுகளுக்கு மானிய விலையில் தீவனம் வழங்கும் திட்டங்கள் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன. ஆயினும், அவை கன்று வளர்ந்து முதல் ஈற்றை எட்டும் வரையிலான காலத்தையே முதன்மையாகக் கருதுகின்றன. பின்வரும் ஈற்றுகளில் வற்றிய பசுவின் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. கறவைக் காலத்தில் பால் தொகையிலிருந்து சிறு பகுதியைப் பிடித்து வைத்து, வற்றிய இரு மாதங்களில் தீவனமாகத் திருப்பித் தரும் ஏற்பாட்டைச் சங்கங்கள் ஆராயலாம். இதற்குப் புதிய நிதி தேவையில்லை, கணக்கு ஒழுங்கே தேவை.