இரத்தம் கசியாத ஈறுகள் நலமானவையா?

மின்சிகரெட்டைப் பயன்படுத்தும் இளைஞர் பலர் அதனைப் புகைப்பழக்கமாகவே கருதுவதில்லை. அதில் புகையிலை எரிவதில்லை, சாம்பலும் இல்லை. பழத்தின் மணமோ புதினாவின் மணமோதான் எஞ்சுகிறது. ஆதலால் வீட்டாருக்கும் ஐயம் எழுவதில்லை. எனினும், அப்பழக்கத்தின் விளைவுகளை முதலில் எதிர்கொள்வது வாய்தான்.

கருவியிலுள்ள திரவம் சூடேறி, நுண்துளிகளாக வாயினுள் நுழைகிறது. அதில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சுவையூட்டிகள் ஆகியவற்றுடன் பெரும்பாலும் நிக்கோட்டினும் கலந்திருக்கும். புரோப்பிலீன் கிளைக்கால் நீரை ஈர்ப்பதால் வாய் உலர்கிறது. உமிழ்நீரோ பற்களின் இயற்கையான காவல். அமிலத்தைத் தணிப்பதும், எனாமல் இழந்த தாதுக்களை மீட்டுத் தருவதும் அதன் பணி. அக்காவல் குன்றும் வேளையில், பிசுபிசுப்பான கிளிசரினும் இனிப்புச் சுவையூட்டிகளும் பற்களில் கிருமிகள் ஒட்டிக்கொள்ளத் துணைபுரிகின்றன. பற்சொத்தைக்கு இவ்வாறு வழி பிறக்கிறது.

இதனினும் கவலைக்குரியது ஈறுகளில் நிகழும் மாற்றம். ஈறு அழற்சியுற்றால், பல் துலக்கும்போது இரத்தம் கசிவது வழக்கம். அதுவே நோயின் முன்னறிவிப்பு. ஆனால் நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, கசிவு குறைகிறது. ஈறுகள் வெளிறி, நலமுடையன போலத் தோன்றும். உள்ளே, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம். கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. பல் அசையத் தொடங்கிய பின்னரே உண்மை தெரியவந்தால், அது காலம் கடந்த அறிதலாகும்.

ஆகவே, இரத்தம் வரவில்லை என்பதைக் கொண்டு மன நிறைவு கொள்ளலாகாது. பல் மருத்துவர் நுண்ணிய அளவுகோலால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையேயுள்ள பிளவின் ஆழத்தை அளப்பார். நலமான ஈறுகளில் அது பொதுவாக 3 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருப்பின், எக்ஸ்ரே எடுத்து எலும்பின் நிலையை அறிய வேண்டியிருக்கலாம்.

பல் பிடுங்குவதற்கோ செயற்கைப் பல் பொருத்துவதற்கோ வரும்போது, இப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் புண் ஆறத் தாமதமாகும். வாய்ப்புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உடனே காட்டுங்கள்.

பழக்கத்தை நிறுத்திய சில நாள்களில் ஈறுகளில் இரத்தம் கசியக்கூடும். அஞ்சி மீண்டும் அதனை நாட வேண்டா. ஈறுகளுக்கு இரத்த ஓட்டம் திரும்புவதால் அவ்வாறு நேரலாம். மென்மையான தூரிகையால் நாள்தோறும் இருமுறை துலக்கி வாருங்கள். மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியன 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. எனினும் பிள்ளையின் கையில் அது இருப்பதைக் கண்டால், கடிந்துரைப்பதைவிட உடன் அழைத்து வருவதே பயன் தரும். நிக்கோட்டின் அடிமைத்தனம் மருத்துவ உதவியால் மீளத்தக்கது. புகையிலைப் பழக்கத்தைக் கைவிட விரும்புவோருக்கான 1800-11-2356 என்னும் தேசிய உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.